எண்ணிக்கை இருக்கிறது, கணக்கு எங்கே?

திருப்பத்தூர் என்றதும் இப்போது பலருக்கு 2019ல் வேலூரிலிருந்து பிரித்த மாவட்டம்தான் நினைவுக்கு வருகிறது. நான் இருப்பது அந்தத் திருப்பத்தூர் இல்லை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். திருத்தளிநாதர் கோயில் இருக்கிற ஊர். 1801 அக்டோபர் 24ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். மதுரையிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள் கடந்துபோகிற ஊர். பின்கோடு 630211. இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது கட்டுரையின் நடுவில் விளங்கும்.

இங்கே வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு ரிப்போர்ட். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 என்று சொல்கிறார்களே, ஒரு வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று படம் போட்டுக் காட்டுவது, அதுதான். ஒரு நூலை வாசிக்கிற மாதிரியே இதையும் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். யார் எழுதியது, யாரை மனதில் வைத்து எழுதியது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கேள்விகள் எனக்கு ஒரு தப்பு செய்த பிறகுதான் தோன்றின. அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நடந்தது

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ஆச்சி பலகாரம் செய்து விற்கிறார். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம். நான்கு பெண்கள் கூட வேலை செய்கிறார்கள். கல்யாணம், வளைகாப்பு, தீபாவளி என்று ஆர்டர் வரும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற வீடுகளுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பதும் உண்டு. சொந்தத்தில் ஒரு பையன் வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தான். பலகாரங்களின் படம், விலை, ஒரு போன் நம்பர், ஒரு வாட்ஸப் பட்டன், கடைக்கு வழி. அவ்வளவுதான்.

"இதுல எத்தன பேரு வாராகன்னு பாக்க முடியுமாம்ல தம்பி, அத நீ பாத்துச் சொல்லு" என்று ஆச்சி என்னிடம் விட்டார்.

நானும் உற்சாகமாக உட்கார்ந்தேன். கூகுள் கணக்குத் தொடங்கி, அது கொடுத்த டேக்கை, அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் ஒளிந்திருந்து எண்ணுகிற அந்தச் சின்ன நிரல் துண்டை, ஒரு ப்ளகின் வழியாகச் சேர்த்தேன். ஒரு மாசம் கழித்து வேறு ஏதோ திருத்தம் செய்யப் போன இடத்தில், தீமின் செட்டிங்கில் அளவீட்டு எண்ணுக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருக்கிறதே என்று அதிலும் அதே எண்ணைப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் யார் ஒரு பக்கத்தைத் திறந்தாலும் இரண்டு முறை திறந்ததாகப் பதிவானது.

புரட்டாசி மாசம் ரிப்போர்ட்டைத் திறந்தால் பார்வைகள் இரண்டு மடங்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆச்சி, போன மாசத்த விட ரெண்டு பங்கு பாக்குறாங்க. இந்தத் தீபாவளிக்கு நல்லா ஓடும்" என்று போய்ச் சொன்னேன். வந்தவர்களின் எண்ணிக்கை அப்படியே இருந்தது, பார்வை மட்டும்தான் ஏறியிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. ஏறின கோடுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆச்சி என் பேச்சை நம்பி அரிசியும் எண்ணெயும் கூடுதலாக வாங்கினார். மூன்று வாரம் வேலை என்று சொல்லி இரண்டு பெண்களைப் புதிதாக வரச் சொன்னார். ஆர்டர் எப்போதும் போலத்தான் வந்தது. தேன்குழல் டின்னில் கிடந்து மெதுவாக விற்றது. அதிரசம் அப்படிக் கிடக்காது. வந்த இரண்டு பேரையும் பத்து நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் ஒருத்தர் இங்கே வருவதற்காக வேறு ஒரு வீட்டுச் சமையல் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

தீபாவளி முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போனில் கடைப் பக்கத்தைத் திறந்துகொண்டே, கம்ப்யூட்டரில் அந்த நிமிஷத்து நிலவரத்தைக் காட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஒரு முறை திறந்தேன். இரண்டு என்று காட்டியது. போய் ஆச்சியிடம் ஒத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"கணக்கு தப்புறது பெருசில்ல தம்பி. எங்க ஐயா பர்மாவுல பெட்டியடிப் பையனா இருந்தாக. ராத்திரி காலணா இடிச்சாலும் எந்த வரியில இடிக்குதுன்னு கண்டுபிடிக்காம படுக்க மாட்டாகளாம். ஒன் கணக்குல எந்த வரியின்னு எப்படிப்பா பாப்ப?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் குறிப்பு.

இரண்டு பக்கம்

கணக்கு என்றால் அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ தப்பு என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயரும் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த ஆளையே கேட்டுக்கொள்ளலாம்.

அனலிட்டிக்ஸ் காட்டுவது ஒரு பக்கம் மட்டும். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அந்த எண்ணை வேறு எதோடும் ஒத்துப் பார்க்க ரிப்போர்ட்டுக்குள்ளேயே இடம் கிடையாது. டேக் இரண்டு முறை இருந்தாலும் கோடு அழகாகத்தான் ஏறும். டேக் கழன்று விழுந்தாலும் கோடு அழகாகத்தான் இறங்கும். இரண்டையும் வியாபாரம் என்று நாம் வாசித்துக்கொள்வோம். இதை எண்ணிக்கை என்று சொல்லலாம், கணக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இணையத்தில் பெரிய கடை நடத்துகிறவர்களுக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அவர்களிடம் பணம் வாங்குவதும் அதே வெப்சைட்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு எதிரே எத்தனை பில் போட்டது என்ற இன்னொரு பக்கம் தானாகவே இருக்கிறது. ஆச்சி மாதிரி ஆட்களுக்கு வெப்சைட் ஒரு வாசல்தான். வியாபாரம் போனிலும் வாட்ஸப்பிலும் திண்ணையிலும் நடக்கிறது. ரிப்போர்ட் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

யாருக்காக எழுதிய ரிப்போர்ட்

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் குறை ஆச்சரியமாக இருக்காது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் அர்ச்சின் என்றொரு சின்ன நிறுவனம் இருந்தது. சர்வர் எழுதி வைக்கிற பதிவுகளைப் படித்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. 2005 ஏப்ரலில் கூகுள் அதை வாங்கியது. அதே வருஷம் நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்று பெயர் மாற்றி இலவசமாகக் கொடுத்தது. இன்றைக்கும் விளம்பரச் சுட்டிகளின் வாலில் யூடிஎம் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதில் முதல் எழுத்து அந்த அர்ச்சின்தான்.

கூகுளுக்கு வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரம் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, நான் போட்ட காசுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான். ரிப்போர்ட்டின் அடுக்கு அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைந்திருக்கிறது. எந்த வழியாக வந்தார்கள், எந்தப் பிரசாரத்தில் வந்தார்கள், வந்தவர்களில் புதியவர் எத்தனை பேர். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்கிறவருக்கு இது உண்மையிலேயே உதவுகிறது.

ஆச்சி விளம்பரம் கொடுப்பதில்லை. அவருடைய கேள்வி வேறு. நாளைக்கு எத்தனை படி அரிசி ஊறப்போடணும்? எத்தனை பேரை வேலைக்கு வரச் சொல்லணும்? அந்தக் கேள்வியை மனதில் வைத்து எழுதாத ரிப்போர்ட்டை, அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் வாசித்துக் காட்டினேன். தப்பு கருவியுடையது என்பதைவிட வாசித்தவனுடையது என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்து விநாடி

கூகுள் அனலிட்டிக்ஸ் 4ல் ஈடுபாட்டோடு வந்தவர், சும்மா வந்து போனவர் என்று ஒரு பிரிவு உண்டு. ஒரு வருகை பத்து விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களையாவது பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்து வைத்த ஏதாவது ஒரு செயலைச் செய்தாலோ அது ஈடுபாடு. இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போனதாகக் கணக்கு.

இதை ஆச்சி கடைக்குப் பொருத்திப் பாருங்கள்.

ஒருத்தர் மணகோலம் எப்படிச் செய்வது என்று கூகுளில் தேடி வருகிறார். மணகோலம் பக்கத்தைத் திறந்து நான்கு நிமிஷம் படிக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். அப்புறம் தன் வீட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். இவர் ஈடுபாட்டோடு வந்தவர்.

இன்னொருத்தர் ஏற்கெனவே வாங்கிப் பழக்கப்பட்டவர். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். போன் நம்பரைத் தொலைத்துவிட்டார். கடைப் பெயரைத் தேடி, பக்கத்தைத் திறந்து, நம்பரைத் தொட்டு, ஆறாவது விநாடியில் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். போன் நம்பரைத் தொட்டதை இந்தக் கருவி தானாகப் பதிவு செய்வதில்லை. நாமாகச் சொல்லி வைத்தால்தான் உண்டு. ஆகவே நூறு பேருக்குச் சீர்ப் பலகாரம் சொன்ன இவர், சும்மா வந்து போனவர்.

கடைக்கு வேண்டியவர் கழிவுப் பக்கத்திலும், செய்முறை தேடி வந்தவர் லாபப் பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த ரிப்போர்ட்டை நம்பி வெப்சைட்டை மாற்றினால் என்ன ஆகும்? போன் நம்பரைக் கீழே தள்ளி, செய்முறையை மேலே ஏற்றுவோம். ஈடுபாடு கூடும், ஆர்டர் குறையும்.

சரி செய்வது ரொம்ப எளிது. போன் நம்பரைத் தொடுவதையும் வாட்ஸப் பட்டனைத் தொடுவதையும் முக்கியச் செயல்கள் என்று குறித்துவிட்டால் போதும். (2024 மார்ச் வரைக்கும் இதற்குக் கன்வெர்ஷன் என்று பெயர். இப்போது கீ ஈவென்ட் என்கிறார்கள்.) வாட்ஸப் பட்டன் வெளித்தளச் சுட்டி என்பதால் அதைத் தொட்டது தானாகவே பதிவாகும், ஆனால் அது முக்கியம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். முதல் நாளே செய்ய வேண்டியதை நான் தீபாவளிக்குப் பிறகு செய்தேன்.

எந்தத் திருப்பத்தூர்?

ரிப்போர்ட்டில் ஊர் வாரியான பட்டியல் ஒன்று உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும். சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று வரிசையாக வரும். இதைக் காட்டி "சென்னையிலதான் நமக்கு ஆள் அதிகம், அங்க ஒரு ஸ்டால் போடலாம்" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும்.

அந்தப் பட்டியல் ஆளைப் பார்த்து எழுதியது இல்லை. ஒவ்வொரு வருகையின் ஐபி முகவரியைக் கொண்டு செய்கிற ஊகம். மொபைல் டேட்டாவில் வருகிறவரின் முகவரி, அவர் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு அவருடைய நிறுவனத்தின் இணைப்பு மையம் இருக்கும் பெரிய நகரத்தைக் காட்டுவது சாதாரணம். கண்டரமாணிக்கத்திலிருந்து ஒருவர் பார்த்தாலும் சென்னைக் கணக்கில் விழலாம்.

சின்ன ஊர்ப் பெயர் சரியாகவே வந்தாலும் எங்களுக்கு இன்னொரு வம்பு. தமிழில் திருப்பத்தூர் இரண்டு. இது போக, திருச்சிப் பக்கம் பிரம்மபுரீசுவரர் கோயில் இருக்கிற திருப்பட்டூர் ஒன்று. தமிழில் எழுதினால் த, ட என்று கண்ணுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் போட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பின்கோடு எழுதாமல் எனக்கு வர வேண்டிய ஒரு பார்சல் வடக்கே போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. அங்கே 635601, இங்கே 630211.

ஆச்சியிடம் பார்சல் நோட்டு ஒன்று இருக்கிறது. யாருக்கு, எந்த ஊருக்கு, என்ன பின்கோடு, எத்தனை கிலோ, எத்தனை ரூபாய் கூலி என்று அவரே கைப்பட எழுதுவது. ஊர் வாரிப் பட்டியலுக்கு எதிர்ப் பக்கம் இந்த நோட்டுதான். ஸ்டால் எங்கே போடலாம் என்ற கேள்விக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறவர் இணைப்பு மையம் இருக்கிற ஊரில் போய்க் கடை விரிப்பார்.

வழி வாரியான பட்டியலிலும் இதே கதைதான். எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களை எல்லாம் நேரடியாக வந்தவர்கள் என்று ஒரே மூட்டையில் போட்டுவிடும். வாட்ஸப் குரூப்பில் ஒரு அத்தை பகிர்ந்த சுட்டியைத் தொட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூட்டைக்குள்தான் போவார்கள். நம்ம பக்கத்தில் வியாபாரமே அத்தை சொல்லி, சித்தி சொல்லித்தான் நடக்கிறது. அந்த வழிக்கு ரிப்போர்ட்டில் பெயரே இல்லை.

எதோடு ஒப்பிடுவது

இந்த நான்கு வாரத்தை முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று பச்சையிலும் சிவப்பிலும் பார்க்கலாம். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. ஆவணியில் உண்டு, தையில் உண்டு. ஆடியையும் ஆவணியையும் ஒப்பிட்டுப் பச்சை வந்தால் அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? ஆடியைப் போன ஆடியோடுதான் ஒப்பிட வேண்டும். தீபாவளி ஒரு வருஷம் அக்டோபரில் வரும், ஒரு வருஷம் நவம்பரில் வரும். அதனால் இங்கிலீஷ் மாசத்தை வைத்து ஒப்பிட்டாலும் இடிக்கும்.

போன ஆடியோடு ஒப்பிடப் போன ஆடியின் கணக்கு கையில் இருக்க வேண்டும். 2023 ஜூலை 1ல் கூகுள் தன் பழைய அனலிட்டிக்ஸை நிறுத்தியது. 2024 ஜூலையோடு அதிலிருந்த பழைய விவரங்களையும் பார்க்க முடியாமல் போனது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனாலும் எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாத சின்னக் கடைக்காரர்களுக்குப் பல வருஷத்து ஒப்பீடு போய்விட்டது. புதிய கருவியிலும் ஒவ்வொரு வருகையின் நுணுக்க விவரத்தையும் வைத்திருக்கும் காலம் ஆரம்பத்தில் இரண்டு மாசம்தான். செட்டிங்கில் போய் நாமே பதினான்கு மாசமாக மாற்ற வேண்டும். பொதுவான ரிப்போர்ட்டுகளை இது பாதிக்காது. ஆனால் போன தீபாவளிக்குள் நுழைந்து நோண்டிப் பார்க்க நினைத்தால் இது தேவை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். மை மங்கினாலும் வரி வாசிக்க முடிகிறது. இலவசமாக வருகிற பேரேட்டை எப்போது மூடுவது என்று தீர்மானிப்பவர் வேறொருவர். இதை மனதில் வைத்துக்கொண்டு, மாசத்துக்கு ஒரு முறை நான்கு எண்களையாவது நம் நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

பேரேட்டைப் புகழ வரவில்லை

இப்படி எழுதிக்கொண்டே போனால் பழைய பேரேடு உத்தமம், புதிய ரிப்போர்ட் மோசம் என்று முடித்துவிடத் தோன்றும். அது நேர்மை ஆகாது.

நகரத்தார் கணக்கு முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். டேவிட் ரட்னரின் 1994ஆம் வருஷத்து ஆங்கில நூல் அதில் முக்கியமானது. பெட்டியடியில் பையனாக உட்கார்ந்து, அடுத்தாள், மேலாள் என்று உயர்கிற வரைக்கும் பேரேடும் ஐந்தொகையும்தான் படிப்பு. அவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்தவர்களுக்குப் பர்மாவில் என்ன நடந்தது? 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937க்குள் சுமார் 25 சதவீதம் ஆனது. பேரேட்டில் எல்லாம் ஒத்துப்போயிருக்கும். நிலம் இழந்தவனின் மனசு எந்தப் பத்தியிலும் ஏறாது. 1942ல் ஜப்பானியப் படையெடுப்பு, பர்மா சுதந்திரத்துக்குப் பிறகு நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம். போட்ட முதல் பெரும்பாலும் திரும்பவில்லை.

எந்தக் கணக்கும் தன்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பேரேடு வாங்கியவரை எழுதும். கேட்டுவிட்டு வாங்காமல் போனவரை எழுதாது. இந்த இடத்தில்தான் புதிய கருவிகளுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோல் என்று இன்னொரு இலவச வசதி இருக்கிறது. மக்கள் கூகுளில் என்ன சொல்லைத் தட்டியபோது நம் பக்கம் பட்டியலில் வந்தது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று பதினாறு மாசம் வரைக்கும் காட்டும். அதைப் பார்த்துத்தான் ஒன்று தெரிந்தது. பலகாரம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று நிறையப் பேர் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வரி பதில் இல்லை. ஆச்சிக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. வாங்காமல் போனவர்களின் குரல் பேரேட்டில் கேட்காது, இங்கே கொஞ்சம் கேட்டது.

பிறகு செய்தது

எங்களைப் போலச் சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று, அடுத்த முறை செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கேள்வியை ஒரு தாளில் எழுதினோம். "வெப்சைட்டால எனக்கு ஆர்டர் வருதா, வரலையா?" ஒரே கேள்விதான்.

அடுத்து டேக். ஒரே இடத்தில், ஒரே முறை. போட்டதும் நாமே ஒரு பக்கத்தைத் திறந்து, ஒன்று ஒன்றாகத்தான் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். நேர மண்டலம் இந்தியா, பணம் ரூபாய் என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்துவிட்டால் நமக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் அதற்கு நாள் பிறக்கும். காலை ஆர்டர் எல்லாம் நேற்றுக் கணக்கில் போய்விடும்.

நம்மை நாமே எண்ணக் கூடாது. எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். எங்கள் ரிப்போர்ட்டில் அந்த முதல் மரக்கால் பெரும்பாலும் நானேதான். வீட்டு இணைப்பின் ஐபியை விலக்கச் சொல்லி ஒரு வடிகட்டி வைக்கலாம். அது ஆரம்பத்தில் சோதனை நிலையில்தான் இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் அது முழுத் தீர்வு இல்லை. ஆகவே ஆச்சியிடமும் என்னிடமும் ஒரு ஒப்பந்தம்: சும்மா சும்மா நம் கடையை நாமே திறந்து பார்ப்பதில்லை.

இனிமேல்தான் எதிர்ப் பக்கம். வாட்ஸப் பட்டனின் சுட்டியில், தொட்டவுடன் தட்டச்சுப் பெட்டியில் ஒரு வாசகம் தானாக வந்து நிற்கும்படி எழுதி வைக்கலாம். "வணக்கம், வெப்சைட் பார்த்துக் கேட்கிறேன்" என்று வைத்தோம். அனுப்புகிறவர் அதை அழிக்காத வரைக்கும், வந்த ஒவ்வொரு செய்தியிலும் எந்த வாசல் வழியாக வந்தார் என்று எழுதியிருக்கும். பெயரோடு, நம்பரோடு. இந்த ஒரு வரி எனக்கு அனலிட்டிக்ஸின் பாதியைவிட அதிகம் சொல்லியிருக்கிறது. பட்டனைத் தொட்டவர்கள் ரிப்போர்ட்டில், செய்தி அனுப்பியவர்கள் போனில். இரண்டையும் மாசக் கடைசியில் ஒத்துப் பார்க்கலாம். தொட்டது ரொம்ப அதிகம், செய்தி ரொம்பக் குறைவு என்றால் எங்கேயோ இடிக்கிறது. எந்த வரியில் இடிக்கிறது என்று தேட இப்போது ஒரு வழி இருக்கிறது.

போனில் கேட்பவர்களிடம் ஆச்சி ஒரு கேள்வி கேட்கிறார்: "நம்ம கடைய எப்படித் தெரியும்ங்க?" பதிலை ஒரு வரியில் நோட்டில் எழுதுகிறார். வாங்காமல் போனால் ஏன் என்பதும் ஒரு சொல்லில். தூரம், விலை, நாள் பத்தாது. இப்படி வாங்காதவரும் நோட்டில் ஏறிவிட்டார்.

ஒன்று மட்டும் கவனம். நோட்டில் இருக்கிற பெயர், நம்பர் எதையும் அனலிட்டிக்ஸுக்குள் அனுப்பக் கூடாது. கூகுளின் விதியே அதைத் தடுக்கிறது. 2023ல் நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி நம்பர் கொடுத்தவர்களுடையது அது.

முடிவாக

அனலிட்டிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னமும் ஆச்சி கடையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சின்னக் கடைக்கு அதை அமைத்துக் கொடுப்பவர்கள் டேக் ஒட்டுவதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது என்பதுதான் என் பேச்சு. வேலையில் பாதி அதற்கு எதிர்ப் பக்கத்தை அமைப்பது. அந்த எதிர்ப் பக்கம் பெரும்பாலும் ஏற்கெனவே கடையில் இருக்கும். ஒரு பார்சல் நோட்டாக, வாட்ஸப் உரையாடலாக, கல்லாவில் இருப்பவரின் நினைவாக. அதைத் தேடிப் பார்க்காமல் கோட்டைக் காட்டி ஆலோசனை சொல்கிறவர், நான் சொன்ன மாதிரிதான் சொல்வார்.

இந்தத் தீபாவளிக்கு முன்பு ஆச்சி என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். நோட்டையும் போனையும் வைத்துக்கொண்டு அவரே கணக்குப் போட்டிருந்தார். கூடுதலாக ஒரு ஆள், பன்னிரண்டு நாள். போன தடவை வேறு வேலையை விட்டுவிட்டு வந்தாரே, அவரைத்தான் கூப்பிட்டிருந்தார். பன்னிரண்டு நாளுக்கு மேல் வேலை இருக்காது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

"ஒன் ரிப்போர்ட்டு என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்டார்.

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம நோட்டோட ஒத்துப்போகுது" என்றார்.